கள்ளிச்செடி மட்டுந்தானா தகவமைப்பு?



தகவமைப்பு என்னும் பாடத்தை நடத்தும்போது நாம் வழக்கமாக எவற்றை எடுத்துக்காட்டுகிறோம்? கள்ளிச்செடி, ஒட்டகம், பனிக்கரடி! முள், திமில், தடித்த உரோமம் எனக் கண்ணுக்குத் தெரிகின்ற உறுப்புகளைப் பட்டியலிட்டுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். மாணவர்களும் மனனம் செய்து எழுதிவிடுகின்றனர். அந்தப் பட்டியலில் புல்லுக்கு இடமே இருப்பதில்லை. 'புல்லர்', 'புல்லறிவு' என்று சிறுமையைச் சொல்லும் சொற்களிலெல்லாம் புல் ஒலிப்பதாலோ என்னவோ!

என்னைக் கேட்டால், தகவமைப்பைக் கற்பிக்கப் புல்லைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது என்பேன். குறிப்பாக, வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் பல்லாண்டுப் புற்கள்.

நெப்ராஸ்கா, கான்சஸ் மாநிலங்களில் கோடை வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. குளிர்காலத்திலோ உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரை இறங்குவதுண்டு. இடையிடையே வறட்சி, தீ. ஒரு காலத்தில் கோடிக்கணக்கான காட்டெருமைகளின் மேய்ச்சல் வேறு. இத்தனையையும் தாங்கி ஆண்டுதோறும் அதே இடத்தில் மீண்டும் துளிர்க்கிறதே, எப்படி?

விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தாவரச் சூழலியல் அறிஞர் ஜான் வீவர் (1884–1966) ஆளுயரத்துக்கும் மேலான பள்ளங்களை வெட்டி, அவற்றின் சுவரிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, வேர்கள் சென்ற வழியைப் படமாக வரைந்தார். பிக் புளூஸ்டெம் என்னும் உயரப்புல்லின் வேர் 2 மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. சுவிட்ச்கிராஸ் என்னும் புல்லின் வேர் 3 மீட்டர் வரை செல்லக்கூடியது. இத்தகைய புல்வெளியில் செடிப்பொருளின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நிலத்துக்குள்தான் இருக்கிறது. நாம் புல் என்று பார்ப்பது அதன் சிறுபகுதியை மட்டுமே.

வளர்முனை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மரக்கன்றுக்கு அது நுனியில். ஆடு கடித்தால் போயிற்று. புல்லுக்கோ பெரும்பாலும் மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளோ இருக்கிறது. இலையும் அடியிலிருந்தே நீள்கிறது. எருமை மேய்ந்தாலும் தீ தின்றாலும் போவது மேற்பகுதிதான். இலையுதிர் காலத்தில் ஊட்டப்பொருளின் பெரும்பகுதியை அடித்தண்டுக்கும் வேருக்கும் இறக்கிவிட்டு, வெறும் வைக்கோலை மேலே விட்டுவைக்கிறது. குளிர்கால உறைபனிக்கும் இளவேனில் தீக்கும் அகப்படுவது அந்த வைக்கோல்தான்! நம் பிள்ளைகளுக்கு லாலாங்கைத் தெரியும். எரித்துவிட்டால் ஒழிந்தது என்று எண்ணுவோம். மழை பெய்ததும் முளைத்து நிற்கும். வெப்பமண்டலப் புல்லாயினும் அதன் மட்டத்தண்டு செய்கின்ற வேலை இதுவேதான்.

ஆனால், தகவமைப்பு என்றால் சாகாவரம் என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் நம் பாடநூல் முறை தவறுகிறது என்பது என் கருத்து. 1934ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் வீவர் கண்டதைச் சொல்கிறேன். மேட்டுநிலப் புல்வெளிகளில் மிகுந்திருந்த லிட்டில் புளூஸ்டெம் பெருமளவில் மடிந்தது. அதன் வேர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். ஆழவேருடைய பிக் புளூஸ்டெம் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. வெஸ்டர்ன் வீட்கிராஸ் என்னும் புல்லோ கிழக்கு நோக்கிப் பரவி, மடிந்தவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது!

இதில் ஒரு புதிர் உண்டு. புளூஸ்டெம் வகைகள் வெப்பப்பருவப் புற்கள்; குறைந்த நீரில் மிகுந்த உணவு தயாரிக்க வல்லவை. வீட்கிராஸ் குளிர்ப்பருவப் புல். வறட்சியில் முன்னவைதாமே வெல்ல வேண்டும்? 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. கொடிய வறட்சி ஆண்டுகளில் பெரிதும் குறைவது கோடை மழை. ஆகவே, கிடைக்கின்ற மழையில் குளிர்ப்பருவ மழையின் விழுக்காடு கூடிவிடுகிறது. இளவேனிலில் முந்தி எழுகின்ற புல் அந்த ஈரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. வலியது எளியது என்ற கணக்கு இங்கே எடுபடவில்லை; எந்தப் பருவத்துக்கு எது பொருந்துகிறது என்பதே கணக்கு. 'கள்ளி வறட்சியைத் தாங்கும்' என்னும் ஒற்றை வரி விடையால் இதைக் கற்பிக்க முடியுமா?

வேரைக் காணாத கண்ணுக்கு என்ன நேரும் என்பதற்கும் அதே சமவெளியே சான்று. 1837இல் ஜான் டீர் எஃகுக் கலப்பையைச் செய்தார். பின்வந்த தலைமுறைகள் புல்தரையைப் புரட்டி, ஓராண்டுப் பயிரான கோதுமையை விதைத்தன. 1930களில் மழை பொய்த்தபோது பயிர் கருகியது. பிடித்து வைக்க வேரில்லாத மண் காற்றோடு எழுந்தது. 14 ஏப்ரல் 1935 அன்று வீசிய புழுதிப்புயலால் பட்டப்பகல் இருண்டது. அந்நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்றே இன்றும் குறிப்பிடுகின்றனர். உழாத நிலத்திலும் புல் மடியத்தான் செய்தது. ஆயினும், மடிந்த புல்லின் வேர்கூட மண்ணை இறுகப் பற்றியிருந்தது.

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் தேவையா?" என ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். ஆண்டுகளும் ஆங்கிலப் பெயர்களும் தேவையில்லைதான். ஒரு மண்வெட்டி போதும். பள்ளித் திடலின் ஓரத்தில் லாலாங் ஒன்றையும் தோட்டத்துச் சோளச்செடி ஒன்றையும் வேரோடு தோண்டி, கழுவி, அருகருகே வைத்து அளக்கச் சொல்லுங்கள். பின்னர் நெப்ராஸ்காவின் வேர்ப்படத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று, நாம் பயன்படுத்தும் மொழி. 'புல் தன்னை மாற்றிக்கொண்டது' என்று எழுதிப் போடுகிறோம். வெயிலில் இலையைச் சுருட்டி நீரிழப்பைக் குறைப்பது தனிச்செடி ஒன்றே செய்வது. மாலையில் மீண்டும் விரித்துக்கொள்ளும். ஆழவேர் அப்படியன்று. எண்ணற்ற தலைமுறைகளில் பிழைத்தவை விட்டுச்சென்ற மரபு அது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, மாணவருக்கு விளங்கவில்லையே என நொந்துகொள்வதில் பயனென்ன?

'கள்ளிச்செடியின் தகவமைப்பு இரண்டினைக் கூறுக' என்பதற்கு மாறாக, இரு புற்களின் வேர்ப்படங்களைத் தந்து, 'மூன்றாண்டு மழை பொய்த்தால் எது தப்பும்? கோடை மழை மட்டும் பொய்த்தால்?' என்று கேட்டுப் பார்க்கலாமே! தங்கள் வகுப்பில் முயன்று பார்க்கும் ஆசிரியப் பெருமக்கள், பிள்ளைகள் சொன்ன விடைகளை எனக்கு எழுத வேண்டுகிறேன்.