எலிக்குப் பட்ட கடன்

1940 மே 25. ஆக்ஸ்ஃபோர்டில் விஞ்ஞானி ஃப்ளோரியின் ஆய்வுக்கூடத்தில் எட்டுச் சுண்டெலிகளுக்கு உயிர்கொல்லும் கிருமி செலுத்தப்பட்டது. மறுநாள் காலை, பெனிசிலின் பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. பெறாத நான்கும் மாண்டிருந்தன. அந்தக் கடனை மருத்துவம் மறக்கலாகாது.

ஆனால், எலியைக் குணப்படுத்திய மருந்துகள் பல மனிதரிடம் தோற்கின்றன. 2023இல் இந்தியா புதிய மருந்து விதிகளைத் திருத்தி, செல் வளர்ப்பு, கணினி மாதிரி போன்ற மாற்றுச் சோதனைகளுக்கும் வழிவிட்டது. வரவேற்கிறோம். ஆனால், விதி மட்டும் போதாது. மாற்று முறைகளைச் சரிபார்க்க நிதியும் கூடங்களும் வேண்டும். தோற்ற சோதனைகளின் முடிவுகளும் வெளியாக வேண்டும். அப்போதுதான் அதே கேள்விக்காக இன்னொரு எலி வீணே சாகாது. தவிர்க்க முடியாத இடத்தில் மட்டுமே எலி. அங்கும் வதை குறைய வேண்டும்.