நாள்தோறும் என்னும் ஒரு சொல்

தம்மைப் பின்பற்ற விரும்புவோர் தம்மையே மறுத்துத் தம் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று ஆண்டவர் இயேசு கூறியதை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் எழுதி வைத்துள்ளனர். அச்சிலுவையை 'நாள்தோறும்' சுமக்க வேண்டும் என்று எழுதியவர் லூக்கா ஒருவரே (9:23). அந்த ஒரு சொல்லைத்தான் நாம் நம் வசதிக்கேற்ப 'ஆண்டுக்கு நாற்பது நாள்' என்று திருத்திக்கொண்டோம்.

நாம் திருத்தவில்லை என்று எவரேனும் மறுப்பாராயின், நம் பங்குகளின் தவக்காலத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெறுகிறோம். சிலர் காவி உடுத்துகிறார்கள். புலால் உண்பதை விடுகிறோம். குடிப்பவர் குடியையும் நிறுத்தி வைக்கிறார். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, பின்னர் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். யாவும் நன்றே. ஆனால், பாஸ்கா திருவிழிப்பு முடிந்து பொழுது விடிந்ததும் நடப்பதென்ன? நாற்பது நாள் ஓய்ந்திருந்த புட்டி, வட்டியும் முதலுமாக வீடு திரும்புகிறது. நாற்பது நாள் அடங்கியிருந்த நாவு, அண்டை வீட்டாரை மீண்டும் ஏசத் தொடங்குகிறது. இதற்குத் துறவு என்று பெயரன்று. ஒத்திவைப்பு என்று பெயர். தவக்காலம் ஆண்டு முழுமைக்குமான பயிற்சிக் களம். களத்தில் ஓடிப் பழகியவன் பந்தயத்தன்று உட்கார்ந்துவிட்டால், பழகியதன் பயன் யாது?

திருச்சபையின் சட்டத்தையே நமக்குத் துணைக்கு அழைப்போரும் உண்டு. "ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்கிறோமே" என்பர். உண்மைதான். 1966-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் ஒருசந்தி நாட்களைக் குறைத்தார்; 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே விதித்தது. ஆயினும், சுமையைக் குறைத்த அதே ஏட்டில் அத்திருத்தந்தை வேறொன்றையும் கூறினார். தத்தம் வாழ்க்கை நிலைக்குரிய கடமைகளை நேர்மையாகச் செய்வதும், உழைப்பிலும் பிறரோடு கூடி வாழ்வதிலும் எழும் இன்னல்களைப் பொறுமையோடு ஏற்பதுமே முதற்பெரும் தவம் என்றார். கட்டளையின் எண்ணிக்கையை அவர் குறைத்தது, நாமாக விரும்பிச் செய்யும் தவம் பெருகட்டும் என்பதற்காக. நாமோ குறைத்ததை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொண்டு, பெருக்கச் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று ஆட்டிறைச்சியைத் தள்ளிவிட்டு, அதைவிட விலையுயர்ந்த வஞ்சிர மீனை வாங்கிச் சுவைப்பவர் சட்டத்தை மீறவில்லை; ஆனால் எதைத் துறந்தார் என்று அவர் மனமே கேட்கட்டும்.

"நாள்தோறும் தன்னை மறுப்பது துறவிகளுக்கு உரியது, பிள்ளை குட்டியோடு வாழும் எங்களால் ஆகுமா?" என்பது அடுத்த சாக்கு. நிறைவாழ்வுக்கான அழைப்பு துறவியருக்கு மட்டுமன்று, எல்லா நிலையினருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது. மேலும், துறவி எனப்படுபவர் எதைத்தான் துறந்தார் என்று பாருங்கள். லிசியே நகரின் குழந்தை தெரேசாள் 1888-ஆம் ஆண்டு, தமது பதினைந்தாம் வயதில், கார்மேல் மடம் புகுந்தார். 1897-ஆம் ஆண்டு, இருபத்து நான்காம் வயதில், இறந்தார். அவர் எழுதி வைத்த தவங்களில் சாட்டையடியைப் பற்றிய பெருமை எதுவுமில்லை. செபவேளையில் பின்னாலிருந்து எரிச்சலூட்டும் ஒலி எழுப்பிய சகோதரியைத் திரும்பிப் பாராமல் இருந்தது, துணி துவைக்கையில் முகத்தில் தெறித்த அழுக்கு நீரைப் பொறுத்துக்கொண்டது, தமக்குச் சற்றும் பிடிக்காத ஒருவரிடம் புன்னகை மாறாமல் பழகியது ஆகியவையே அவருடைய தவங்கள். இவற்றைச் செய்ய மடம் வேண்டுமா? நம் வீட்டு முற்றமும் பேருந்துக் கூட்டமும் அலுவலக மேசையும் போதாவா? இப்பெண்மணியைத்தான் திருச்சபை 1997-ஆம் ஆண்டு மறைவல்லுநராக உயர்த்தியது.

மற்றொரு மோசடியையும் இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஆண்டவர் தன்னை மறுக்கச் சொன்னார். பிறரை மறுக்கச் சொல்லவில்லை. குடும்பத் தலைவர் நேர்ச்சை எடுப்பார். அதற்கான சமையலும் துணி துவைப்பும் கடனடைப்பும் மனைவியின் தலையில் விழும். "பொறுத்துக்கொள், அதுவே உன் சிலுவை" என்று அடிபடும் பெண்ணுக்கு அறிவுரை கூறுவோம். அடிப்பவரிடம் "உன் கையை மறு" என்று சொல்ல நமக்கு நா எழாது. நோன்பு நாளில் தம் வேலையாட்களைக் கசக்கிப் பிழிவோரை எசாயா இறைவாக்கினர் கடிந்துரைத்தது (58-ஆம் அதிகாரம்) இதற்காகத்தான். அடுத்தவர் தோளில் ஏற்றப்பட்ட சிலுவை நம் கணக்கில் வராது.

நம்மிடம் உள்ளவற்றுள் விடுவதற்கு மிகக் கடினமானது எது? கறியா? காப்பியா? தமிழகக் கத்தோலிக்கராகிய நாம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வோமாயின், சாதிப் பெருமையே அது. 1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், திருவிதாங்கூர் அரசில் மதிப்பு மிக்க நிலையில் இருந்தவர். அவர் சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகினார். அந்தத் தன்மறுப்பு பலரின் பகையை அவருக்குத் தேடித் தந்தது. 1752-ஆம் ஆண்டு காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நாம் வெடி வெடித்து மகிழ்ந்தோம். ஆனால் அவர் துறந்ததை நாம் துறந்தோமா? கல்லறையிலும் தேர்ப் பவனியிலும் பெண் கொள்வதிலும் கொடுப்பதிலும் அதைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்துக்கொண்டு, நாற்பது நாள் இறைச்சியை மட்டும் விட்டால், கடவுள் கணக்குத் தெரியாதவர் என்றா எண்ணுகிறோம்?

பக்தி முயற்சிகள் வேண்டாம் என்று நான் கூறவில்லை. காலைச் செபமும் செபமாலையும் திருப்பலியும் இன்றித் தன்னை மறுக்கும் வலிமை எவருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அந்தச் செபம், மறுப்பதற்கு அஞ்சி ஒளிந்துகொள்ளும் மறைவிடமாகிவிடக் கூடாது. செபமாலை முடிந்து எழுந்தவுடன் மருமகள்மீது எரிந்து விழுந்தால், ஐம்பத்து மூன்று மணிகளும் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

ஆகவே, அடுத்த திருநீற்றுப் புதன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரப்புத் தகராற்றில் பேச்சை நிறுத்திய தம்பியின் வீடு தெருக்கோடியில்தான் இருக்கிறது. நியாயம் நம் பக்கமே இருக்கலாம். இருந்தும் இன்று மாலை நாமே முதலில் போய் அந்தக் கதவைத் தட்டுவோம். நாளைக்கு உரிய சிலுவை நாளை வரும்.