படகைத் தூக்கும் முன் தண்ணீரை அளப்போம்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றாலே மேசைமேல் வைக்கிற ஹைட்ராலிக் மாடல்தானா? வைவா முடிந்ததும் அது ஸ்டோர் ரூம் மூலைக்குப் போய்விடுகிறது. நம்ம தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு வாருங்கள், உண்மையான ப்ராஜெக்ட் அங்கே காத்திருக்கிறது.

கட்டுமரக் காலத்தில் பிரச்சினை இல்லை. கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே கரையேற்றிக் காயப்போடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கும் ஃபைபர் படகுதான். எஞ்சினும் வலையும் சேர்ந்த கனத்தை மணலில் இழுத்தால் அடிப்பாகம் தேய்கிறது; தேய்ந்த இடத்தில் ஃபைபருக்குள் தண்ணீர் இறங்குகிறது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கமோ கடல் அரித்துக் கல் கொட்டியாகிவிட்டது. அங்கே இழுக்க மணலும் இல்லை!

"நாலு பேர் கை வெச்சா ஏறிடும், இதுக்கு எதுக்குப்பா மெஷின்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்த நாலு பேர் எங்கே? பசங்க பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போயாச்சு.

அதனால் படகு லிஃப்ட் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் கேட்டலாக் பார்த்து வாங்கக் கூடாது. அலை உடைகிற கரையில் கம்பம் நட்டால், அடிமண்ணை அலை பறித்துவிடும். துறைமுகத்துக்குள், ஆற்றோரமாய், அமைதியான நீரில்தான் அது நிற்கும். அங்கே பிரச்சினை ஆழம். மண் சேர்ந்துகொண்டே இருக்கிறது. குஜராத் அலங்கில் ஓதம் பல மீட்டர் ஏறும், அதை நம்பிக் கப்பலையே கரையேற்றுகிறார்கள். நமக்கு ஒரு மீட்டர்கூட ஏறாது.

கணக்கைப் பாருங்கள். படகு 45 செ.மீ. மூழ்குவதாக வைப்போம். இரும்புத் தொட்டில் 20, தரைக்கு மேல் இடைவெளி 15. ஆக 80 செ.மீ. ஆழம் வேண்டும். தொட்டிலுக்குப் பதில் இரண்டு பெல்ட் போட்டால் 60 சொச்சம் போதும். காற்றுத்தொட்டி வைத்த மிதவை லிஃப்ட் என்றால், தொட்டியும் படகுக்கு அடியில் மூழ்க வேண்டும். நம் இடத்துக்கு அது ஒத்துவராது. நாலு கம்பம், இரண்டு பெல்ட், கையால் இழுக்கும் செயின் பிளாக், இவ்வளவு போதும் என்பேன். கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

எஞ்சின் பின்னால் இருப்பதால் பின்பக்கக் கம்பங்களுக்குப் பாரம் அதிகம். அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த மொமெண்ட் கணக்கு இங்கேதான் உதவும்! கம்பி குத்திப் பார்த்து, கெட்டி மண் எட்டும்வரை கம்பத்தை இறக்க வேண்டும். ஒரு கம்பம் மட்டும் புதைந்தால் படகு சரிந்து பெல்ட்டிலிருந்து நழுவிவிடும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: மழை. படகின் திறந்த பரப்பு 12 சதுர மீட்டர் என்றால், 10 செ.மீ. மழைக்கே 1.2 டன் தண்ணீர் நிரம்பும். தொங்குகிற பாரம் இரட்டிப்பாகிவிடும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது! தூக்கியவுடன் அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றியே ஆக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் லிஃப்டில் தொங்க விடாமல் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் வேலை அளவெடுப்பது. மூங்கில் கழியில் சென்டிமீட்டர் கோடு போட்டு, நீர் வற்றிய நேரத்தில், மாதம் ஒருமுறையாவது ஒரே இடத்தில் அளக்க வேண்டும். மீன்வளத் துறையிடம் அனுமதி கேட்கும்போது காட்ட அந்த நோட்டு வேண்டும். சிவில், மெக்கானிக்கல் இரண்டு பிரிவிலும் சேர்த்து ஆறு பேர் கிடைத்தால் இந்த செமஸ்டர் லீவிலேயே ஆரம்பிக்கலாம். வர்றவங்க சங்க அறையில் பெயர் கொடுங்கள்.