கரப்பான்பூச்சியும் ‘கழிவு’ என்னும் சொல்லும்

மர்பி டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். “கரப்பான்பூச்சி நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது” என்று சென்ற வாரம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நாம் அனைவரும் ஒப்பித்த வரிதான். அது திருத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து.

கரப்பான்பூச்சிகள் வெளியேற்றும் நைட்ரஜனில் யூரிக் அமிலத்துக்குப் பெரும்பங்கு இல்லை என்பதை முல்லின்சும் காக்ரனும் 1972இலேயே ‘சயன்ஸ்’ இதழில் காட்டிவிட்டனர். அமெரிக்கக் கரப்பான் அந்த அமிலத்தைத் தன் கொழுப்புத் திசுவில் சேர்த்து வைக்கிறது. உணவில் புரதம் மிகுந்தால் அந்தச் சேமிப்பு கூடும், குறைந்தால் கரையும். அதே திசுவில், தாயிடமிருந்து முட்டைவழி வந்த பிளாட்டபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. யூரியா, அம்மோனியா ஆகியவற்றின் நைட்ரஜனைக் கொண்டு அமினோ அமிலங்களை ஆக்கும் திறன் அதற்கு உண்டென்பதை 2009இல் வெளியான அதன் மரபணுத்தொகை வரிசை உணர்த்தியது. எதிருயிரி கொடுத்து அந்த நுண்ணுயிரை நீக்கினால் இளம்பூச்சியின் வளர்ச்சி குன்றுகிறது. நம் அடுக்களையில் சிந்திய மாவும் சர்க்கரையும் தின்று அது வளரும் கமுக்கம் இதில் அடங்கியிருக்கிறது.

தொலைவில் தேட வேண்டியதில்லை. இராமநகரப் பட்டுக்கூட்டுச் சந்தைக்கு வரும் கூடுகளும் இதையே சொல்கின்றன. பட்டுப்புழு, தன் உடலில் உண்டாகும் அம்மோனியாவையும் குளுட்டமினாக மாற்றிப் பட்டுப்புரதம் ஆக்கப் பயன்படுத்துகிறது.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என் கவலை சொல்லைப் பற்றியது. ‘கழி’ என்னும் வினையடி திரும்பிவராததைக் குறிக்கிறது. கழிந்த பொழுது கழிந்ததுதான். ஒரு பொருளைக் ‘கழிவு’ என்று பெயரிட்டவுடன், அது அதன்பின் என்னவாகிறது என்ற வினா மாணவரின் மனத்தில் எழுவதே இல்லை. சொல் அங்கே கதவை அடைத்துவிடுகிறது.

பூச்சிகள் பலவற்றுக்கு அந்த வரி பொருந்தும் என்று நண்பர்கள் மறுக்கலாம். உண்மை. ஆனால் பாடத்தில் எடுத்துக்காட்டாக நாம் நிறுத்தும் உயிருக்கே அது பொருந்தவில்லையே! உடலைவிட்டு நீங்குவதைக் ‘கழிவு’ என்றும், உள்ளே சேர்த்து மீண்டும் எடுத்தாள்வதை ‘இருப்பு’ என்றும் பிரித்து எழுதினால் போதும். புதுக் கலைச்சொல் எதுவும் தேவையில்லை.

அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன். “தேர்வில் எதை எழுதுவது, அண்ணா?” என்று கேட்டாள். பாடநூல் எழுதுவோர்தாம் அவளுக்கு விடை சொல்ல வேண்டும்.