ஹாக்கி மட்டை சோறு போடுமா?

2022 ஏப்ரல் 26-ந் தேதி பெங்களூரில் ஒரு மூதாட்டி காலமானார். வயது 81. பெயர் எல்வீரா பிரிட்டோ. கண்டோன்மெண்ட் பக்கத்து நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

1960 முதல் 1967 வரை, அன்றைய மைசூர் மாநிலத்தில் பெண்கள் ஹாக்கி என்றாலே மூன்று சகோதரிகள்தான்: எல்வீரா, ரீட்டா, மே. எல்வீராவின் தலைமையில் மாநில அணி 7 முறை தேசிய சாம்பியன் ஆனது. ஆஸ்திரேலியா, இலங்கை, ஜப்பான் அணிகளை எதிர்த்து இந்தியாவுக்காகவும் ஆடினார். 1965-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. ஹாக்கிக்காக அந்த விருதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

விருது சரி, வாய்ப்பு? பெண்கள் உலகக் கோப்பை 1974-ல்தான் தொடங்கியது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி 1980-ல்தான் நுழைந்தது. இரண்டுமே அவருடைய நல்ல காலம் கழிந்த பிறகு வந்தவை. மட்டை பிடித்ததற்குச் சம்பளம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இதே ஊரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. தொழிற்சாலைகள் கால்பந்து அணி வைத்து ஆண்களுக்கு வேலையும் கொடுத்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏழை நாட்டின் கதைதானே என்று தள்ளிவிட முடியாது. பனித்தரை ஹாக்கியை உயிராக நினைக்கும் கனடாவில் 2007-ல் தொடங்கிய பெண்கள் லீக், முதல் பத்து ஆண்டுகள் வீராங்கனைகளுக்குச் சம்பளமே தரவில்லை. பிறகு கொஞ்சம் கொடுத்துப் பார்த்து, 2019-ல் கதவைச் சாத்தியது. ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி தேடினார்கள். ஒழுங்கான சம்பளத்துடன் புதிய லீக் 2024 ஜனவரியில்தான் அங்கே ஆரம்பமானது.

இங்கேயும் 2025 ஜனவரியில் பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் நடந்தது. உதிதா என்ற வீராங்கனை 32 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனார். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆண்டு போட்டி முழுவதும் இரண்டு வாரத்தில், ராஞ்சியிலேயே முடிந்துவிட்டது. இருந்த நான்கு அணிகளில் பெங்களூர் பெயரில் ஒன்றுகூட இல்லை. 7 பட்டம் வென்ற மாநிலத்துக்கு இந்த நிலை!

இரண்டு வாரத் திருவிழாவை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நம் நாட்டுப் பெண் ஆட்டக்காரர்களுக்கு நிஜமாகச் சோறு போட்டு வந்தது ரயில்வேதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் மாதாமாதம் சம்பளம், பாஸ். பெண்கள் ஹாக்கியில் ரயில்வே அணி நெடுங்காலம் கொடி கட்டிப் பறந்ததன் ரகசியம் இதுவே. ஃபைல் கட்டு தூக்கும் உத்தியோகம்தானே என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதனைச் சான்றிதழ் இருந்தால்தான் மனுவே போட முடியும். சான்றிதழ் வாங்கிய எல்லோருக்கும் வேலை கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2017-ல் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சீனாவைத் தடுத்து நிறுத்திய கோல்கீப்பர் சவிதா அப்போது வேலை இல்லாமல்தான் இருந்தார். இந்தியாவின் கோல் கம்பத்தைக் காத்தவருக்கே இந்தக் கதி என்றால், ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ பதினேழு வயது மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் தகப்பனார் எதை நம்பி அனுப்புவார்? பஸ் செலவு, ஷூ, மட்டை, முட்டை, பால் எல்லாம் அவர் கைக்காசு. பெண் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று அவர் சொன்னால், அது பிற்போக்கு மட்டுமல்ல, கணக்கும்தான்.

ஆகவே மெடல் வந்த பிறகு மாலை போடுவதை விட்டு, மெடலுக்கு முன்னால் உதவித்தொகை தர வேண்டும். பள்ளி முடித்த பெண்ணுக்கு நாலு வருஷம் மாதப் படி, அதன் பிறகு தகுதி பார்த்து வேலை. பெங்களூரில் இருக்கும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் வங்கிகளும் ஆளுக்கு ஒரு பெண்கள் ஹாக்கி அணி வைக்கட்டும். பதினெட்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பதால் எந்தத் தொழிற்சாலையும் மூழ்கிவிடாது. ஆளுக்கும் பஞ்சமில்லை, அக்கித்திம்மனஹள்ளி காரியப்பா மைதானத்துக்கு அதிகாரிகள் ஒரு நாள் காலையில் வந்து பார்க்கட்டும்.