கம்பளித் தொப்பியும் கணக்குப் புத்தகமும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெண்களுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், தையல், பின்னல் என்ற இரண்டு சொற்களே முதலில் வந்து நிற்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையால் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. லயங்களையும் மரக்கறித் தோட்டங்களையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள், மார்கழிக் குளிரில் பாடசாலைகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் தங்க நேர்ந்தது. அதன் பின்னர் பின்னலுக்கு இன்னொரு நியாயமும் கிடைத்திருக்கிறது. வடக்கிலே காணி இன்னும் முழுமையாகக் கைக்கு வராமல் இருக்கும் குடும்பங்களின் பெண்களுக்கு ஊசியும் நூலும் கொடுப்போம். அவர்கள் தொப்பியும் மவ்ளரும் கையுறையும் பின்னட்டும். மலைநாட்டுக் குளிருக்கும் உதவும், மீதியை வெளிநாட்டுக்கும் விற்கலாம் என்கிறார்கள்.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனை இது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் முதலாவது ஊசியை வாங்குவதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்காமல் பின்னத் தொடங்கிய ஒரு மக்கள் கூட்டம் ஏறக்குறைய நூறாண்டு காலம் ஏமாற்றப்பட்ட வரலாறு இருக்கிறது. அவர்களும் எங்களைப்போலச் சிறு துண்டுக் காணியில் பாடுபட்டவர்கள் என்பதால் அதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, கடலின் நடுவே ஷெட்லாந்துத் தீவுகள் இருக்கின்றன. காற்றும் குளிரும் ஓயாத இடம். பெரிய மரங்கள்கூட அங்கே எளிதில் வளர்வதில்லை. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். பெண்கள் சிறு தோட்டத்தையும் பசுவையும் ஆடுகளையும் பார்த்தார்கள், பின்னினார்கள். எரிப்பதற்கான கரிமண் கட்டிகளைக் கூடையில் நிரப்பி முதுகிலே சுமந்து வரும்போதும் அவர்களுடைய இரண்டு கைகளும் பின்னிக்கொண்டிருந்தன. இடுப்பிலே ஒரு தோற்பட்டி. அதிலே குதிரைமயிர் அடைத்த, துளைகள் இட்ட ஒரு சிறு மெத்தை. ஊசியின் ஒரு முனையை அந்தத் துளையில் ஊன்றிக்கொண்டால் நடந்துகொண்டே பின்னலாம். அந்த நிலையிலே எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்கள் இன்றும் உள்ளன. அவற்றைப் பார்ப்பவர்கள் அந்தப் பெண்களின் சுறுசுறுப்பை வியப்பார்கள். எனக்கு எழுகிற கேள்வி வேறு: அத்தனை பின்னியும் அவர்கள் கையில் காசு ஏன் இருக்கவில்லை?

1872ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு இதை விசாரிக்க வில்லியம் கத்ரி என்ற வழக்கறிஞரை ஆணையாளராக அந்தத் தீவுகளுக்கு அனுப்பியது. பின்னுகிற பெண்கள் அவர் முன்னே ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சியம் சொன்னார்கள். நடைமுறை இதுதான்: பின்னிய காலுறையையும் சால்வையையும் கடைக்காரரிடம் கொண்டுபோனால், அவர் காசு தரமாட்டார். தேயிலை தருவார், துணி தருவார், இல்லையென்றால் பிறகு வந்து சாமான் எடுத்துக்கொள்ளும்படி ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். சாமானின் விலையை வைப்பவரும் அவரே, பின்னலின் விலையை வைப்பவரும் அவரே. வீட்டிலே மா இல்லாத பெண், கடைக்காரர் கொடுத்த தேயிலையை அயலவரிடம் கொண்டுபோய் மாவுக்கு மாற்றிக்கொண்டாள். (அது எங்கள் தேயிலை அல்ல. இலங்கைத் தேயிலையின் முதற் சிறு பொதி லண்டனுக்குப் போனது அதற்கு அடுத்த ஆண்டு, 1873இல்.)

கூலியைச் சாமானாகக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1887இல் விரிவாக்கப்பட்டது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே கடைக்காரர் காசுப் பெட்டியைத் திறந்துவிடவில்லை. பழக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேதான் முற்றாகக் கைவிடப்பட்டது. அக்காலத்தில் தீவுகளில் வந்து தங்கிய படையினர் குளிருக்காகத் தொப்பியும் கையுறையும் நேரடியாகக் காசுக்கு வாங்கினார்கள். கடைக்காரரைத் தவிர வேறொருவரும் வாங்க வந்தபோது விலை தானாகவே நிமிர்ந்தது.

இந்தக் கதை எங்களுக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல இந்தப் பக்கங்களை வாசிக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குளிருக்கும் மழைக்கும் தலையிலே கொங்காணியாகப் போட்ட கறுப்புக் கம்பளி தோட்டத்தால் கொடுக்கப்பட்டதுதான். ஆனால் அது இலவசம் அல்ல. அரிசியோடு சேர்த்து அதன் விலையும் செக்ரோலிலே சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. குளிருக்குப் போர்த்திய துணியே கடனாகத் தோளில் ஏறிக்கொண்டது.

இப்பொழுது பின்னலுக்கு வருவோம். ஷெட்லாந்துப் பெண்களிலே இரண்டு வகையினர் இருந்தார்கள். தன் ஆட்டின் உரோமத்தைத் தானே நூற்றுப் பின்னியவள் ஒரு வகை. கடைக்காரர் கொடுத்த நூலைப் பின்னிக் கொடுத்துக் கூலி பெற்றவள் மற்ற வகை. இருவருக்கும் பெரும்பாலும் சாமானே கிடைத்தது. எனினும் முதலாமவள் தன் சால்வையை இன்னொரு கடைக்குக் கொண்டுபோகலாம். இரண்டாமவளுக்கு அந்த வழியும் இல்லை, ஏனென்றால் சால்வை அவளுடையதே அல்ல. நாங்கள் எந்த வகையில் இருப்போம்? எங்கள் யாழ்ப்பாணச் செம்மறியின் உடலிலே இருப்பது குட்டை மயிர். நூற்கக்கூடிய உரோமம் அல்ல. இறைச்சிக்கும் எருவுக்கும்தான் அதை வளர்க்கிறோம். ஆகவே நூல் கடல் கடந்து வரவேண்டும், அதற்கு யாரோ காசு கட்ட வேண்டும். அந்த யாரோ எவர் என்பதிலே முழு விடயமும் இருக்கிறது.

திட்டம் கொண்டுவரும் நிறுவனமே நூலைக் கொடுத்து, நிறுவனமே பொருளை எடுத்து, நிறுவனமே விலையையும் சொல்லுமாக இருந்தால், மாதர் சங்கம் என்ற பெயர்ப்பலகையைத் தொங்கவிட்ட போதிலும் அது பழைய கடைதான். நிறுவனத்தின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். நல்ல நோக்கமுள்ளவர்களின் திட்டமும் மூன்று ஆண்டில் முடிந்துவிடும். நான் பணியாற்றிய ஓரிடத்தில், அப்படி முடிந்துபோன ஒரு திட்டத்தின் மவ்ளர்கள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. வன்னி வெயிலிலே கம்பளி மவ்ளர்! பூச்சி அரித்ததை எறிந்துவிட்டு, மீதியைக் குழந்தைகளின் தொட்டிலுக்குள் விரித்தார்கள். பின்னிய கைகளுக்கு ஒரு பயிற்சிச் சான்றிதழ் கிடைத்தது.

பின்னலால் எவரும் பிழைத்ததில்லை என்று சொல்ல வரவில்லை. சுவீடன் நாட்டின் மேற்குக் கரையிலே கல் உடைக்கும் தொழில் 1930களில் நொடித்தபோது, கல்லுடைப்பவர்களின் மனைவிமார் வேலை கேட்டு அம்மாவட்ட ஆளுநரின் மனைவியான எம்மா ஜேக்கப்சனிடம் போனார்கள். பூகூஸ் பின்னல் என்ற அமைப்பு 1939இல் அப்படித்தான் உருவானது. அழகான மாதிரிகள், கண்டிப்பான தரப் பரிசோதனை, நகரத்திலே வாங்குவோர் எல்லாம் இருந்தும், 1969இல் அதை மூட வேண்டியதாயிற்று. கையால் பின்னுவதற்கான செலவு ஏறிக்கொண்டே போனது. இளம் பெண்களுக்கு வேறு வேலைகளும் கிடைத்தன. முப்பது ஆண்டுகள் அது பல வீடுகளுக்கு உதவியது. அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பின்னல் அங்கேயும் வயலுக்குப் பதிலாக வரவில்லை, இல்லாத வருமானத்துக்குத் துணையாகவே வந்தது. காணிக்குப் பதிலாகப் பின்னல் ஊசியைக் கையில் கொடுக்க எவராவது வந்தால், ஊசியை வாங்கிக்கொண்டு காணியையும் கேட்க வேண்டும்.

என் யோசனை இதுதான். வெளிநாட்டுச் சந்தையை முதலில் மறந்துவிடுங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்து அதிகாலையில் சில நாட்கள் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகும். அந்தக் குளிரிலே பிறக்கும் பிள்ளைக்கு ஒரு தொப்பி வேண்டும். பச்சைக் குழந்தையின் உடலிலே தலைதான் பெரிய பங்கு. அது திறந்து கிடந்தால் சூடு விரைவாக வெளியேறும். நிறை குறைந்து பிறந்த பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையிலும், பிள்ளையின் தலைக்கு ஒரு தொப்பி அணிவிக்கிறார்கள். இந்தத் தொப்பிக்கு 25 கிராம் நூல் போதும். நடுத்தரத் தடிப்புள்ள நூலும் 4 மில்லிமீற்றர் ஊசியும் என்றால் 10 சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 22 கண்ணிகள் வரும். பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர். பின்னல் இழுபடும் என்பதால் 72 கண்ணிகள் போட்டால் அளவாக இருக்கும். இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு புரட்டுக் கண்ணி என்று பின்னினால் தலையை நன்றாகப் பிடிக்கும். கட்டுவதற்கு நாடா வைக்க வேண்டாம், அது கழுத்தைச் சுற்றலாம். உச்சியிலே குஞ்சமும் வேண்டாம்.

நூலை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் கடைகளில் ‘வூல்’ என்று விற்கப்படுவதிலே பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அது மலிவு, கழுவினால் சுருங்காது, விரைவில் காயும். ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலிலே ஒட்டிக்கொள்ளும். லயத்துக் காம்பிராவிலே அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துதான் குளிர் காய்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. உண்மையான கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, ஈரமாக இருந்தாலும் ஓரளவு சூடு தரும்; விலை கூட, வெந்நீரில் கழுவினால் சுருங்கிக் கட்டியாகும். அடுப்படியில் இருப்பவர்களுக்குரிய மவ்ளரையும் கையுறையையும் கம்பளியிலே பின்னுவதுதான் நல்லது.

இனிக் கணக்கு. கை பழகிய பெண்ணுக்குப் பெரியவர் தொப்பி ஒன்று பின்ன நாலைந்து மணி நேரம் எடுக்கும், நூல் 50 முதல் 80 கிராம் வரை போகும். உங்கள் ஊரிலே வெங்காயம் நடப் போனால் அதே நாலைந்து மணி நேரத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொகையோடு நூலின் விலையைக் கூட்டுங்கள். அதற்குக் குறைய ஒருவர் விலை சொன்னால், அவர் உங்கள் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. “வீட்டிலே சும்மா இருக்கிற நேரத்தில்தானே பின்னுகிறீர்கள்” என்று அவர் சொல்வார். முதுகிலே கரிமண் சுமந்துகொண்டு பின்னியவளும் அவர்கள் கண்ணுக்குச் சும்மாதான் இருந்தாள்.

சங்கத்திலே பத்துப் பேர் சேர்ந்து முதல் நூலைச் சொந்தச் சந்தாப் பணத்திலே, சிறிதளவு என்றாலும், வாங்குங்கள். நிறுவனம் உதவ விரும்பினால் நூலாகத் தரவேண்டாம், சங்கத்தின் வங்கிக் கணக்கிலே சுழற்சி நிதியாகப் போடட்டும். பொருளை எடுப்பவர் காசாகவே தரவேண்டும். அரிசி மூட்டை, பாய், வாளி எதுவும் அதற்கு ஈடாக வேண்டாம். நூல் வாங்கிய நாள், நிறை, பின்னியவர் பெயர், விற்ற விலை, கையில் கிடைத்த காசு ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியிலே எழுதி, சங்கத்தின் பொருளாளரிடமே அதை வைத்திருங்கள். திட்ட அலுவலர் பார்க்கக் கேட்டால் காட்டுங்கள், ஆனால் அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக விடவேண்டாம். பெரும்போக அறுவடை முடிந்து வேலை குறையும் மாசி, பங்குனியில் பின்னத் தொடங்கினால், அடுத்த மார்கழிக்கு முன்னரே பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் அனுப்பலாம்.