அருந்ததி எங்கே?

ரொறன்ரோவில் நடைபெற்ற திருமணமொன்றில், அம்மி மிதித்தபின் மணமக்கள் அருந்ததி பார்த்தனர். வேளையோ நண்பகல், மேலே மண்டபத்தின் கூரை. எம் மாணவி ஒருத்தி, "சேர், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?" என்று வினவினாள். அருகிலிருந்த பெரியோர் சிரித்தனர்; விடை கூறினாரில்லை.

விடை வானில் உண்டு. சப்தரிஷி மண்டலத்தின் வளைந்த வாற்பகுதியில் உள்ள மூன்று விண்மீன்களுள் நடுவிலுள்ளது வசிட்டர். அதனை ஒட்டி மங்கலாகத் தெரிவதே அருந்ததி. ஏறக்குறைய 80 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இதனைச் சங்கப் புலவர் வடமீன் என்றனர். கற்புக்கு உவமை கூறினர்.

1617 இல் இத்தாலியில் கஸ்தெல்லியும் கலிலியோவும் தொலைநோக்கியால் நோக்கியபோது வசிட்டரே இரு விண்மீன்களாகத் தெரிந்தார். 2009 இல் அருந்ததிக்கும் ஒரு துணை கண்டறியப்பட்டது. இன்றைய கணக்கில் அங்குள்ளவை ஆறு. இவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் எனச் சிலர் பெருமை பேசுவர். அது வேண்டாத பெருமை. அவர்கள் வெறுங் கண்ணால் உற்று நோக்கினர், பெயரிட்டனர், பிள்ளைகளுக்குக் காட்டினர். அதுவே போதிய பெருமை.

போர்க்காலத்தில், மின்சாரம் எட்டாத வன்னிக் கிராமமொன்றில் நாம் ஆசிரியராக இருந்தோம். விமான ஒலி கேட்டால் கைவிளக்கையும் அணைப்போம். அந்த இருளில் மாணவருக்கு நாம் காட்டிய விண்மீன் இது. ஆங்கு அது உதித்து மறையும். வடக்கே அமைந்த ரொறன்ரோவிலோ அது ஆண்டு முழுவதும் அடிவானத்தின் கீழ் இறங்குவதேயில்லை. மறையாத மீனை நகரின் ஒளிவெள்ளம் மறைக்கின்றது; காட்டுவாரின்மையும் மறைக்கின்றது.

எமது மொழியின் நிலையும் இதுவே. வாரத்தில் ஒருநாள் வகுப்பில் நாம் திசையை மட்டுமே சுட்ட முடியும். உடன் நின்று காட்ட வேண்டியது வீடு. காட்டப்படாத மொழி, கூரையைப் பார்க்கும் சடங்காகிவிடும்.

பெற்றோரே, வசந்தகால இரவொன்றில் தெருவிளக்குகளை விட்டகன்று பிள்ளைகளுடன் நில்லுங்கள். கண்கள் இருளுக்குப் பழக 20 நிமிடமாவது பொறுத்திருங்கள். பின்னர் வடமீன் என்ற பெயரைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கண்கள் எம் கண்களிலும் கூரியன. எமக்குத் தெரியாவிடின், நீங்கள் கண்டு எமக்குக் காட்டுங்கள்.